இடறும் படமும் கரகரக்கும் ஒலியும்

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் கரைப்பக்கமாக, பூநகரியை நோக்கிச் செல்லும் வீதியில் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. மோட்டை என்பது வன்னிநாட்டு வழக்கில் சிறிய நீர்நிலையைக் குறிக்கும் சொல். மழை பெய்யுங்கால் வந்து சேரும் நீரைத் தேக்கி வைத்து, மழையில்லாத நாளிலே கொடுத்துதவுவது அதன் தொழில். நீரின் வரவு ஒழுங்கற்றது. செலவோ ஒழுங்காக நடைபெற வேண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று சமன் செய்வதற்காகவே மனிதன் குளந் தொட்டான். இக்காலத்துக் கணினிக்குள்ளும் இத்தகைய மோட்டைகள் பல இருக்கின்றன என்றால் நேயர்கள் வியப்படையலாம். அவை வற்றும்போதுதான் பெரும்பாலும் கணினியில் ஓடும் படம் இடறுகின்றது, ஒலி கரகரக்கின்றது. அக்கோளாற்றின் இயல்பு யாது, அதன் காரணத்தைக் கண்டறியும் முறை யாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

இஃது அற்பமான தொல்லையன்றோ, இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் திரைக்கு வந்தன. பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. கற்பிக்க ஆசிரியர் கிடைக்காத பாடத்தைப் பதிவுசெய்யப்பட்ட படத்தின் மூலமாகக் கற்கும் மாணவர் இன்றும் கிராமங்களில் உள்ளனர். அதன் பின்னர் 2022-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திலே 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. பிறநாட்டிலிருந்து வரும் கணினியின் விலையும் அதனோடு ஏறியது. ஆகவே, வீட்டிலுள்ள பழைய கணினியைக் காத்துக்கொள்வது சிக்கனம் மாத்திரமன்று. ஒரு பிள்ளையின் படிப்பைக் காத்துக்கொள்வதுமாகும்.

பாப்பாமோட்டை போன்றதோர் ஊரிலே, கடற்றொழில் செய்யும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. வீட்டில் மேசைக்கணினி ஒன்று இருக்கின்றது. மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கின்றாள். பதிவுசெய்த பாடத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்கையில் ஒலி திடீரெனக் கரகரக்கின்றது. ஆசிரியர் கூறிய எண் செவியில் விழவில்லை. சிறிது நேரத்தில் படமும் நொண்டத் தொடங்குகின்றது. கரும்பலகையில் எழுதும் கை ஓரிடத்தில் நின்று, பின்பு வேறோரிடத்துக்குத் தாவுகின்றது. ஓர் எண் தவறினால் கணக்கு முழுவதும் தவறும். "போர்ட் போய்விட்டது" என்கிறார் அயலவர் ஒருவர். "பழைய கணினி, இனி இழுக்காது" என்கிறார் மற்றொருவர். தந்தையார் கணினிப் பெட்டியைத் துணியிற் சுற்றிப் பேருந்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு செல்கிறார். அங்கே கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் படமும் ஒலியும் குறைவின்றி ஓடுகின்றன! மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால், மாலையிலே பழைய கதைதான். ஒரு நாளின் உழைப்பும் போக்குவரத்துச் செலவும் போயின, நோய் போகவில்லை. இக்குடும்பத்தை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்லலாம்.

முதலில் ஒலியின் செய்தியைப் பார்ப்போம். ஒலியென்பது காற்றின் அதிர்வு. வானொலியின் தொடக்க காலத்தில் அவ்வதிர்வு அதனையொத்த மின்னலையாகவே கொண்டுசெல்லப்பட்டது. தொலைவில் மின்னல் வெட்டினால் வானொலிப் பெட்டி கரகரக்கும். வெளியிலிருந்து வந்த மின்குழப்பம் ஒலியோடு கலந்துவிடுவதே அதற்குக் காரணம். கணினி அவ்வாறன்றி ஒலியை எண்களாக்கி வைத்துக்கொள்கின்றது. இம்முறையை 1937-ஆம் ஆண்டில் வகுத்தவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்தல் அம்முறையாகும். இசைத்தட்டாகிய சீடியில் ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள்; கணினியிற் பெரும்பாலும் 48,000 எண்கள். அவ்வெண்களை அதே வேகத்தில், அதே ஒழுங்கில் மீண்டும் மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் இழந்த ஒலி திரும்பி வருகின்றது.

ஈண்டு கருதவேண்டியது ஒழுங்கு என்னும் சொல். ஒலிபெருக்கிக்கு எண்களைக் கொடுக்கும் ஒலிப்பொறி, காத்திருக்க அறியாதது. செக்கனுக்கு 48,000 எண்கள் வேண்டுமென்றால் வேண்டியதே. கணினியின் செயலியோ ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பதன்று. வன்தட்டை வாசித்தல், இணையத்தைக் கவனித்தல், சுட்டியின் அசைவை அறிதல், திரையை வரைதல் எனப் பல வேலைகளை மாறி மாறிச் செய்வது. எனவே செயலி வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் எண்களைச் சிறு தொகுதியாக ஓரிடத்தில் ஊற்றி வைக்கின்றது. ஒலிப்பொறி அவ்விடத்திலிருந்து சீராக எடுத்துக்கொள்கின்றது. அவ்விடத்தைக் கணினித்துறையார் பஃபர் என்பர். அதுவே நாம் கூறிய மோட்டை.

மோட்டையின் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 480 எண்கள் கொள்ளும் மோட்டை 10 மில்லிசெக்கனில், அதாவது ஒரு செக்கனின் நூற்றிலொரு பங்கில், வற்றிவிடும். அதற்குள் செயலி மீண்டும் வந்து நிரப்புதல் வேண்டும். வராவிட்டால் ஒலியலை நடுவழியில் அறுகின்றது. அறுந்த முனைகள் செவியில் 'டிக்' என்றும், அடுத்தடுத்து அறுந்தால் 'கரகர' என்றும் விழுகின்றன. கண்ணோ இவ்வளவு கண்டிப்பானதன்று. செக்கனுக்கு 30 படங்கள் ஓடும்போது ஒன்று தவறினால் பலர் கவனிப்பதில்லை. ஒலியில் ஆயிரத்தில் ஒரு செக்கன் அறுந்தாலும் செவி காட்டிக்கொடுத்துவிடும். ஆகையினாலே, ஒரே தாமதம் இரண்டையும் தாக்கும்போது, கரகரப்பு முன்னரும் இடறல் பின்னரும் தோன்றுவது வழக்கம்.

இனி, பொதுமக்கள் பெரிதும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. கணினி இடறினால் அதற்கு வலிமை போதாது என்று முடிவு கட்டுகின்றனர். செக்கனுக்கு 300 கோடித் துடிப்புகள் துடிக்கும் செயலிக்கு, 10 மில்லிசெக்கனில் 3 கோடித் துடிப்புகள் கிடைக்கின்றன. 480 எண்களை ஊற்றி வைக்க அதன் மிகச் சிறு பகுதியே போதும். ஆகவே ஒலி கரகரப்பதற்கு வலிமைக் குறைவு அரிதாகவே காரணமாகும். நேரந் தவறுதலே பெரும்பாலும் காரணம். நாள் முழுவதும் பத்து மூட்டை சுமக்கக்கூடிய ஒருவர், பேருந்து புறப்பட்ட பின்னர் நிலையத்துக்கு வந்தால் என்ன பயன்? அவருக்குக் குறைந்தது பலமன்று, காலந் தவறாமை. கணினியின் நிலையும் அதுவே.

செயலி ஏன் நேரந் தவறுகின்றது? கணினியிற் பொருத்தப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும், டிரைவர் என வழங்கும் இயக்கி மென்பொருள் ஒன்று உண்டு. கருவி கூப்பிடும்போது செயலி தன் வேலையை நிறுத்தி அவ்வியக்கிக்கு இடங்கொடுக்கின்றது. நன்றாக எழுதப்பட்ட இயக்கி தன் காரியத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு செயலியை விடுவிக்கும். செம்மையற்ற இயக்கியோ செயலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதகு திறக்கவேண்டிய காவலாளரை வழியில் ஒருவர் மறித்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால், குளத்தில் நீர் நிரம்பியிருந்தும் வயல் வாடும். வைஃபைக் கருவியின் இயக்கியும், திரைவரைவி இயக்கியும் இவ்வாறு மறிப்போரில் அடிக்கடி அகப்படுவன. எந்த இயக்கி எவ்வளவு நேரம் பிடித்து வைக்கின்றது என்பதை அளந்து காட்டும் லேட்டன்சிமோன் என்னும் மென்பொருள், வீட்டில் உபயோகிப்போருக்கு இலவசமாகக் கிடைக்கின்றது. மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டுச் செயலியை உறங்கவைக்கும் அமைப்பும் சில கணினிகளில் இத்தாமதத்துக்குக் காரணமாகின்றது. அவ்வமைப்பை மாற்றிப் பார்த்தலும் ஒரு சோதனை.

அப்படியானால் மோட்டையைப் பெரிதாக்கிவிடலாமே என்னும் வினா எழும். ஓரளவுக்கு அது சரியே. மன்னார் மாவட்டத்து வயல்களுக்கு நீர் தரும் கட்டுக்கரைக்குளம், அருவி ஆற்றின் நீரைத் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாகப் பெற்றுச் சேர்த்து வைப்பது. சிறு மோட்டை வற்றிப்போகும் கோடையிலும் பெருங்குளத்தில் நீர் நிற்கும். ஆனால் பெருங்குளம் நிரம்ப நாட்செல்லும். அவ்வாறே பஃபர் பெரிதானால் ஒலி பிந்தி வரும். பதிவுசெய்த பாடத்துக்கு இதனால் குற்றமில்லை. நேரடியாக உரையாடும் வகுப்பில், கேள்விக்கும் மறுமொழிக்கும் இடையே இடைவெளி விழுந்து, இருவரும் ஒரே நேரத்திற் பேசத் தொடங்குவர். ஒருவர் பேச்சு மற்றவர் செவியை 150 மில்லிசெக்கனுக்குள் அடைதல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே தேவைக்கேற்ற மோட்டை வேண்டும்; எல்லாவற்றுக்கும் பெருங்குளம் மருந்தன்று.

படத்தின் செய்தி சற்று வேறானது. அங்கே வலிமையும் ஓரளவு வேண்டும். அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 30 படங்களானால் ஏறத்தாழ 6 கோடியே 22 இலட்சம் புள்ளிகள். இவற்றை அப்படியே அனுப்புதல் இயலாதாகையால், சுருக்கி மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றனர். பெறும் கணினி மூட்டையை அவிழ்க்கின்றது. மூட்டை கட்டும் முறைகளில் எச்.264 என்பது 2003-ஆம் ஆண்டிலும், எச்.265 என்பது 2013-ஆம் ஆண்டிலும், ஏவி1 என்பது 2018-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. புதிய முறையிற் கட்டு இறுக்கமானது. இணையச் செலவு குறைவு. ஆனால் அவிழ்க்கும் உழைப்பு மிகுதி. 2012-ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்ட கணினி, தன் காலத்து மூட்டையை அவிழ்ப்பதற்குத் திரைவரைவியிலே தனிப்பொறி வைத்திருக்கும். பிற்காலத்து மூட்டைக்கு அஃது இல்லை. அப்போது சுமை முழுவதும் செயலியின்மேல் விழ, படம் இடறுகின்றது. இத்தகைய இடறலுக்குப் புதுக்கணினி வாங்கவேண்டுவதில்லை. படத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தாலோ, பழைய முறையிற் கட்டிய படத்தைத் தேர்ந்துகொண்டாலோ போதும்.

இடறல்போலத் தோன்றினும் கோளாறல்லாதது ஒன்றும் உண்டு. திரைப்படங்கள் செக்கனுக்கு 24 படங்களாக எடுக்கப்படுவன. கணினித்திரையோ வழக்கமாகச் செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. 60-ஐ 24-ஆல் மீதியின்றி வகுக்க இயலாது. அதனால் ஒரு படம் இருமுறையும் அடுத்த படம் மும்முறையும் காட்டப்படுகின்றன. காட்சி மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது சிறு நடுக்கம் தெரிவது இதனாலேயே. இதனை நோயென்று கருதி மருந்து தேடுதல் வீண்.

இதுவரை கூறியன நோயின் இயல்பு. இனி நோயின் காரணத்தைத் தேடும் வழி. வழிக்கு அடிப்படையான விதி ஒன்றே: ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். இயக்கியையும் புதுப்பித்து, வயரையும் மாற்றி, பெட்டியையும் துடைத்துவிட்டால், கோளாறு தீர்ந்தாலும் எது தீர்த்தது என்பது தெரியாது. தெரியாதாகவே, அது மறுபடியும் வருங்கால் தொடக்கத்திலிருந்து துன்பப்படவேண்டும். இரண்டாவது, செய்ததையும் கண்டதையும் நாளும் நேரமும் இட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தல். கணினியை இயக்கி எத்தனை நிமிடத்தில் இடறல் தொடங்கிற்று, அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது, கோளாறு முதன்முதலில் தோன்றுவதற்குச் சற்று முன்னர் புதிதாக என்ன சேர்க்கப்பட்டது என்பன அதில் இடம்பெற வேண்டும். காசு செலவில்லாத கருவி இது. கருவிகள் எல்லாவற்றிலும் சிறந்ததும் இதுவே.

பின்வரும் வினாக்களை ஒழுங்காகக் கேட்டுச் செல்லலாம். பதிவிலேயே பழுதுண்டா? அதே பாடத்தை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ ஓட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கேயும் அதே இடத்தில் கரகரத்தால் கணினி குற்றமற்றது. இணையத்திலிருந்து நேராக ஓடும்போது மாத்திரம் இடறுகின்றதா? பாடத்தை முழுவதும் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டுக. அப்போது இடறாவிட்டால் குறை இணைப்பிலேயே உள்ளது. வேறொரு படமோட்டி மென்பொருளில் எவ்வாறிருக்கின்றது? ஒன்றில் இடறி மற்றொன்றில் இடறாவிடின் குறை மென்பொருளுக்குரியது. அச்சுப்பொறி, கமரா, வைஃபைத் துண்டு முதலிய யூஎஸ்பிக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் என்ன நிகழ்கின்றது? எதனைக் கழற்றியதும் அமைதி வருகின்றதோ, அதன்மேல் ஐயங்கொள்ளலாம்.

இவற்றுக்கும் பிடிபடாவிட்டால் வலிய சோதனை ஒன்றுண்டு. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல். அங்கேயும் அதே கோளாறு தோன்றினால் பெரும்பாலும் குறை வன்பொருளில். தோன்றாவிட்டால் வழக்கமான இயங்குதளத்திலோ அதன் இயக்கிகளிலோ உள்ளது. பெரியதொரு வயலை நடுவே வரம்பிட்டு, நீர் கசிவது இப்பாதியிலா அப்பாதியிலா எனத் தெரிந்துகொள்வது போன்றது இது. ஒவ்வொரு கேள்வியும் தேடவேண்டிய பரப்பைக் குறைத்துக்கொண்டே வருகின்றது.

ஒலியின் தன்மையும் பல செய்திகளைக் கூறும். விடாமல் தொடரும் தாழ்ந்த முரல்வு, 50 ஹேட்ஸ் மீடிறனுடைய நம் நாட்டு மின்சாரம் ஒலிவயரிற் புகுந்ததைக் காட்டும். கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு சொருகிகளிலிருந்து மின்சாரம் பெறும்போது, நிலத்தொடுப்பு வளையம் உண்டாகி இவ்வாறு நேர்வதுண்டு. இரண்டையும் ஒரே பலகையில் இணைத்துப் பார்த்தல் எளிய சோதனை. பாதுகாப்புக்கான நிலத்தொடுப்பு வயரை அறுத்துவிட்டு முரல்வை நிறுத்த முயல்வோர் சிலர் உளர். அது உயிருக்கு ஆபத்தானது, ஒருபோதும் செய்யத்தகாதது. வயரை அசைத்தவுடன் கரகரப்புக் கூடினாலோ குறைந்தாலோ, தொடுகை பழுதாகியுள்ளது. கைபடாமலே, ஒழுங்கின்றி 'டிக் டிக்' என்று வந்துகொண்டிருந்தால், முன்னர்க் கூறியவாறு மோட்டை வற்றுகின்றது என ஐயுறலாம்.

தொடுகை என்றதும் மன்னார்க் கரையின் காற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அக்காற்றின் வன்மைக்குச் சான்று, மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் நிற்கும் தம்பபவனி மின்னிலையம். 2020-ஆம் ஆண்டு டிசெம்பரில் திறக்கப்பட்ட அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று. காற்றாலைக்கு நன்மை தரும் அதே காற்று, கணினிப் பெட்டிக்குள் மணலையும் உப்பையும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும், சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்; உலோகத்தை அரிக்கும். ஒலிவயரின் முனையிலும், நினைவகத் துண்டின் ஓரத்திலும் இவ்வாறு கறை படிந்தால், தொடுகை சில வேளை இருக்கும், சில வேளை இராது. வந்து வந்து மறையும் கோளாறு இதனால் உண்டாவது. உள்நாட்டு ஊர்களில் ஆண்டுக்கொரு முறை போதுமான துப்புரவு, கடற்கரை ஊரில் அடிக்கடி வேண்டப்படுவது.

தூசியின் விளைவு வேறொன்று. செயலியின்மீது வைக்கப்பட்ட உலோகத் தகடுகளின் இடைவெளியிலே தூசி பஞ்சுபோல் அடைந்துவிட்டால் வெப்பம் வெளியேறாது. பல செயலிகள் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது, தம்மைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு செய்யப்பட்டவை. பார்ப்பவருக்கு அது பழுதாகத் தோன்றும். உண்மையில் அது தற்காப்பு. இயக்கிய சிறிது நேரம் நன்றாக ஓடி, பின்னர் இடறத் தொடங்கி, சற்று ஆறவிட்டால் மீண்டும் நன்றாக ஓடுவது இதன் அடையாளம். செயலியின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன.

துப்புரவு செய்வோர் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளவேண்டும். மின்சாரத்தை நிறுத்துவது மாத்திரம் போதாது, சொருகியையே கழற்றிவிடவேண்டும். மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கலாகாது. அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகள் சொருகியைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடியவை. மென்மையான தூரிகையாற் தூசியைத் தட்டுகையில், மின்விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொள்ளவேண்டும். காற்றூதி அதனை அளவுக்கு மிஞ்சிச் சுழலவிடுதல் கேடு. தொடுகைகளை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே பூட்டவேண்டும். இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் போதும்.

இப்போது அந்தக் கடற்றொழிலாளர் வீட்டுக்குத் திரும்பலாம். மகள் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குகிறாள். முதலில், ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு அயல்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஹெட்போனைப் பின்பக்கத் துளையிற் செருகுகிறாள். கரகரப்பு நின்றுவிடுகின்றது, படம் மாத்திரம் முன்போலவே இடறுகின்றது. ஆகவே கோளாறு ஒன்றன்று, இரண்டு! இரண்டும் ஒரே காலத்தில் வந்தமையால் ஒன்றென்று எண்ணப்பட்டன. ஒலிபெருக்கி வயரின் முனையைப் பார்த்தால் பச்சைக் கறை. அதனைத் துடைத்து மீண்டும் செருகினாள், ஒலி தெளிந்தது. அடுத்த நாள், இடறல் தொடங்கும் நேரத்தைக் குறித்தாள்: முதல் நாள் 20-ஆவது நிமிடம், அடுத்த நாளும் ஏறக்குறைய அதே நேரம். வெப்பநிலையைப் பார்த்தாள், 98 பாகை. பெட்டியைத் திறந்தால், தகடுகளுக்கிடையே மணலுந் தூசியும் கலந்த கட்டி. அது நீங்கியதும் பாடம் இறுதிவரை இடறாமல் ஓடிற்று.

கடையிலே கோளாறு தோன்றாத காரணமும் இப்போது விளங்கும். கடைக்காரர் தமது ஒலிபெருக்கியை இணைத்தார். குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். பழுதான வயரும் கடற்கரை வெப்பமும் ஊரிலேயே இருந்துவிட்டன. அவர்மீது குற்றமில்லை, நோயாளி மாத்திரம் மருத்துவரிடம் சென்றார், நோயின் சூழல் செல்லவில்லை. கொப்பியில் எழுதிய குறிப்புகளைத் தந்தையார் கையோடு கொண்டுபோயிருந்தால், அவரும் வேறுவிதமாகச் சோதித்திருப்பார்.

எல்லாக் கோளாறும் துணியாலும் தூரிகையாலும் தீர்ந்துவிடும் என்று கூறுதல் பொருந்தாது. வன்தட்டு தேய்ந்து, ஒரு பகுதியை வாசிக்கப் பலமுறை முயலும்போதும் படம் நிற்கும். அப்போது முதலில் செய்யவேண்டியது பாடங்களையும் படங்களையும் வேறிடத்திற் படியெடுத்து வைத்தல். மின்வழங்கி தளர்ந்திருக்கலாம், தாய்ப்பலகையின் கொள்ளளவிகள் வீங்கியிருக்கலாம். அவை கைதேர்ந்தவரிடம் ஒப்படைக்கவேண்டியன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு ஒக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. பழைய கருவிகளுக்குப் புதிய இயக்கிகள் வருதலும் அருகிவருகின்றது. எனினும், ஒன்றைக் கைவிடுவதற்கு முன்னர் அதன் குறை இன்னதென அறிந்து கைவிடுதல் ஒரு முறை. அறியாமலே கைவிடுதல் மற்றொரு முறை. முன்னையதிற் பணம் மிஞ்சுகின்றது. பின்னையதில் புதுக்கணினி வந்தபின்னும் அதே பச்சைக் கறை படிந்த வயர் கரகரத்துக்கொண்டிருக்கும்.

மருந்தைப் பற்றிப் பேசிய திருவள்ளுவர், நோயை அறிதலையும் அதன் மூலத்தை அறிதலையும் மருந்துக்கு முன்னே வைத்தார். அவ்வொழுங்கு மனித உடலுக்கு மாத்திரம் உரியதன்று. தந்தையார் நகரத்துக்குச் சென்றுவந்த நாளில் இழந்தது ஒரு நாட்கூலி. அவர் மகள் இரண்டு மாலைகளிற் பெற்றதோ, ஒரு கணினியைத் திருத்திய பயன் மாத்திரமன்று. ஒன்றை மாற்று, கவனி, எழுது, பின்பு முடிவு செய் என்னும் பழக்கம். அவள் படிக்கும் இரசாயனவியலின் ஆய்வுகூடத்திலும் அதே பழக்கந்தான் கற்பிக்கப்படுகின்றது. பாடத்தைக் கேட்பதற்காக அவள் கணினியைச் சரிசெய்தாள். சரிசெய்கையிலேயே பாடத்தின் ஒரு பகுதியைக் கற்றுவிட்டாள்.